நிலவுக்குப் போனவர்கள் ஏன் அப்படியே நிறுத்திவிட்டார்கள்?

#1 தூரநோக்கி

1972 டிசம்பர் 14. யூஜின் செர்னானும் ஹாரிசன் ஷ்மிட்டும் நிலவை விட்டுக் கிளம்பிய நாள். 2025 டிசம்பரோடு 53 வருடம் முடிந்தது. அதற்கப்புறம் அங்கே ஒருவர்கூடக் கால் வைக்கவில்லை. நடந்தவர்கள் மொத்தமே 12 பேர், இப்போது உயிரோடு இருப்பவர்கள் 4 பேர், நாலு பேருக்கும் வயது 90 அல்லது அதற்கு மேல்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொரு கணக்கு. அப்போலோ நிலவுப் பயணங்களுக்குப் பிறகு, 2025 முடியும் வரை, பூமியிலிருந்து மிக அதிக உயரம் போனவர்கள் 2024 செப்டம்பரில் போலாரிஸ் டான் என்ற தனியார் பயணத்தில் போன நாலு பேர். சுமார் 1,400 கிலோமீட்டர். சென்னைக்கும் டெல்லிக்கும் உள்ள தூரம்கூட இல்லை. நிலவு இருப்பதோ 3,84,000 கிலோமீட்டரில். மற்றவர்களில் பெரும்பாலோர் 400 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

காசு இல்லை, மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது போதுமான பதிலாகத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மறுபடி தொடங்க என்ன வேண்டும் என்பதையும் சேர்த்து.

#2 டீக்கடை_விஞ்ஞானி

போகவே இல்லை, எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்தது என்று சொல்பவர் இன்னும் வரவில்லையா? இழை தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டதே.

#3 மட்டுறுத்துநர்

வந்தால் அந்தப் பதிவு போய்விடும். அப்போலோ 11, 14, 15 விட்டுவந்த கண்ணாடிகள் மேல் இன்றும் லேசர் அடித்து தூரம் அளக்கிறார்கள். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

#4 கணக்குப்பிள்ளை

காசுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அது பாதி உண்மை. 1966ல் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் 4.4 சதவீதம் நாசாவுக்குப் போனது. இன்று அரை சதவீதத்துக்கும் கீழே. இதோடு நிறுத்திவிட்டு "பார்த்தீர்களா" என்பார்கள். ஆனால் அந்த அரசின் மொத்தச் செலவே இதற்குள் எங்கேயோ போய்விட்டது, அதனால் சதவீதத்தை வைத்து மட்டும் பேசினால் ஏமாந்துவிடுவோம். இன்றைக்கும் நாசாவுக்கு வருடம் சுமார் 2,500 கோடி டாலர் கிடைக்கிறது, அதில் ஏறக்குறைய பாதி மனிதர்களை அனுப்புவது தொடர்பான வேலைகளுக்குத்தான். மறுபடி மறுபடி பறக்கும் ஷட்டில் விண்கலத் திட்டத்துக்கு மட்டும் 20,000 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, செலவு செய்துகொண்டேதான் இருந்தார்கள். பூமியைச் சுற்றுவதற்கு.

என் கட்சி என்னவென்றால், நின்றுபோன ஒன்றைப் பற்றி நாம் பேசவே இல்லை. அப்போலோ வழக்கமான ஒன்றாக இருந்து பிறகு தளர்ந்துபோகவில்லை, அதுதான் வழக்கத்துக்கு மாறானது. ககாரின் 1961 ஏப்ரலில் பறந்தார், ஆறு வாரத்தில் கென்னடி நாடாளுமன்றத்தில் போய் நிலவு என்று அறிவித்தார். 1962 நவம்பரில் வெள்ளை மாளிகையில் நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்போடு நடந்த பேச்சு ஒலிநாடாவில் இருக்கிறது. தனக்கு விண்வெளி மேல் அப்படி ஒன்றும் ஆர்வம் இல்லை, ரஷ்யர்களை முந்துவதுதான் விஷயம் என்ற பொருளில் கென்னடி அதில் பேசுகிறார். ஆக, முந்தியாகிவிட்டது, வேலை முடிந்தது. கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைக் கல்யாணம் முடிந்தும் ஏன் வைத்திருக்கவில்லை என்று கேட்பது மாதிரி இருக்கிறது உங்கள் கேள்வி.

ஒரு தேதியைக் கவனியுங்கள். நிலவுக்கு ஆளைக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டை 15க்கு மேல் செய்ய வேண்டாம் என்று முடிவானது 1968ல். ஆம்ஸ்ட்ராங் இறங்குவதற்கு ஒரு வருடம் முன்னால்! பிறகு 1970ல் அப்போலோ 18, 19, 20 மூன்றையும் ரத்து செய்தார்கள்.

#5 சந்தேகப்பேர்வழி

மக்களுக்கு ஆர்வம் இருந்திருந்தால் எந்த அரசியல்வாதியும் வெட்டியிருக்க மாட்டான்.

#6 கணக்குப்பிள்ளை

அந்தக் காலத்திலேயே இல்லை ஐயா. 1960கள் முழுக்க எடுத்த கருத்துக்கணிப்புகளில் இவ்வளவு செலவு தகுமா என்று கேட்டால் தகும் என்றவர்கள் பெரும்பாலும் பாதிக்கும் குறைவு, 1969 ஜூலையை ஒட்டித்தான் கொஞ்சம் ஏறியது. அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தைய நாள் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் ரால்ஃப் அபெர்நாதி ஏழைக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு கோவேறு கழுதை வண்டியோடு ஏவுதளத்துக்கே வந்து போராட்டம் நடத்தினார். மக்கள் ஆர்வத்தால் போகவும் இல்லை, ஆர்வம் போனதால் நிற்கவும் இல்லை.

#7 பழைய_என்ஜினியர்

கணக்குப்பிள்ளை சொன்ன 1968 முடிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தொழிற்சாலைப் பக்கம் இருந்தவர்களுக்குத்தான் புரியும். "வரைபடம் எல்லாம் தொலைந்துவிட்டது, அதனால்தான் சாட்டர்ன் 5 மறுபடி செய்ய முடியவில்லை" என்று ஒரு கதை ஓடுகிறது. தவறு, வரைபடங்கள் மைக்ரோபிலிமில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் பிரச்சினை.

அதன் முதல் அடுக்கில் எப்-1 என்ற என்ஜின் ஐந்து இருக்கும், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 680 டன் உந்துவிசை தரும். 2013 வாக்கில் அலபாமாவில் உள்ள மார்ஷல் மையத்தில் இளம் பொறியாளர்கள் சிலர், கிடங்கில் கிடந்த ஒரு பழைய எப்-1 ஐப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அதில் தெரிந்தது, காகிதத்தில் இருக்கும் என்ஜின் வேறு, கையில் இருக்கும் என்ஜின் வேறு. வெல்டிங் செய்தவர் அந்தந்த என்ஜினுக்குத் தகுந்தபடி சின்னச் சின்ன மாற்றம் செய்திருக்கிறார், அது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, அவர் தலைக்குள் இருந்தது, அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எரியும்போது உள்ளே அழுத்தம் தாறுமாறாக அலைபாய்ந்து என்ஜினையே உடைத்துவிடும் தொல்லை ஒன்று இருந்தது, அதைச் சரிசெய்ய உள்ளே வேண்டுமென்றே சின்ன வெடிகளை வெடித்து, என்ஜின் தானாக அடங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து, சுமார் 2,000 சோதனை செய்தார்கள். அதெல்லாம் ஒரு தலைமுறையின் கைப்பழக்கம். உச்சத்தில் அப்போலோவில் 4,00,000 பேர் வேலை பார்த்தார்கள். வரிசையை ஒரு தடவை மூடிவிட்டால் சாவி மட்டும் கையில் இருந்து பயனில்லை.

அப்புறம் ஷட்டில். 1972 ஜனவரியில் நிக்ஸன் ஒப்புதல் கொடுத்தார். மறுபடி மறுபடி பறக்கும், வருடத்துக்கு 50 பயணம் என்ற அளவில் கணக்குக் காட்டினார்கள், அதனால் மலிவாகும் என்றார்கள். நிஜத்தில் ஒரே வருடத்தில் பறந்த அதிகபட்சம் 9, அதுவும் 1985ல், அடுத்த ஜனவரியில் சேலஞ்சர் என்ற ஷட்டில் வெடித்தது. ஏன் மலிவாகவில்லை? விமானப்படை ஆதரவு வேண்டும் என்பதால் அவர்கள் கேட்ட பெரிய சரக்கு அறை, பெரிய இறக்கை. இறக்கை பெரிதானால் வெப்பக் கவசமும் பெரிது. 24,000 சொச்சம் ஓடுகள், பெரும்பாலும் ஒன்றின் வடிவம் மற்றதற்கு வராது, ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கையால் சோதித்து, ஒட்டி. "மறுபயன்பாடு" என்ற பேரில் ஒவ்வொரு தடவையும் பாதி வண்டியைப் புதுப்பித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வண்டி பூமிக்கு அருகிலுள்ள சுற்றுப்பாதையை விட்டு வெளியே போகவே முடியாது. அப்படித்தான் வடிவமைப்பு. முப்பது வருடம் ஒரு நாட்டின் மனித விண்வெளித் திட்டம் முழுவதும் அந்த ஒரு வண்டியை நம்பி இருந்தால் நிலவுக்கு எப்படிப் போவது?

#8 ரோவர்_ரசிகை

எல்லாரும் மனிதர் போவதை ஏதோ கடமை மாதிரி பேசுகிறீர்கள். இந்த 53 வருடத்தில் வாயேஜர் விண்கலம் சூரியக் காற்று வீசும் எல்லையைத் தாண்டியிருக்கிறது, காசினி சனிக்கோளைப் பதின்மூன்று வருடம் சுற்றியது, ஜப்பானின் ஹயபுசா சிறுகோளில் மண் அள்ளி வந்தது, சந்திரயான் 3 நிலவின் தென்துருவப் பக்கத்தில் இறங்கியது. ஆராய்ச்சி குறையவே இல்லை. மூச்சுவிட வேண்டிய, சாப்பிட வேண்டிய, திரும்பி வந்தே ஆக வேண்டிய ஒன்றை அனுப்புவதுதான் குறைந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அது தேய்வு இல்லை, புத்தி வந்திருக்கிறது.

#9 பழைய_என்ஜினியர்

உங்கள் பேருக்கு ஏற்ற வாதம். ஒரே ஒரு ஒப்பீடு. செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் 2004லிருந்து 2018 வரை ஓடிய தூரம் 45 கிலோமீட்டர். அதுவே சாதனை. அப்போலோ 17 ஆட்கள் மூன்று நாளில் தங்கள் வண்டியில் ஓட்டியது ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஷ்மிட் தொழிலால் புவியியல் அறிஞர், ஷார்ட்டி பள்ளத்தின் விளிம்பில் நடக்கும்போது காலடியில் ஆரஞ்சு நிற மண் தெரிகிறது, அங்கேயே நின்று தோண்டுகிறார். அது பல நூறு கோடி வருடத்துக்கு முந்தைய எரிமலை பீய்ச்சிய கண்ணாடித் துகள். ரோபோ என்றால் படம் எடுத்து, பூமிக்கு அனுப்பி, கூட்டம் போட்டு, மறுநாள் கட்டளை வரும்.

மண்ணின் கணக்கும் சொல்லிவிடுகிறேன். அப்போலோ ஆறு பயணங்களில் கொண்டுவந்தது 382 கிலோ. சோவியத் லூனா ரோபோக்கள் மூன்றும் சேர்ந்து 326 கிராம். சீனாவின் சாங்கே 5 ம் 6 ம் சேர்த்து நாலு கிலோவுக்குள்.

#10 ரோவர்_ரசிகை

சரி, அந்த 382 கிலோவுக்கு அன்றைய மதிப்பில் 2,500 கோடி டாலர். கிராம் விலை போட்டுப் பாருங்கள். அதே காசில் எத்தனை லூனா அனுப்பியிருக்கலாம்?

#11 டீக்கடை_விஞ்ஞானி

நகைக்கடையில் செய்கூலி சேதாரம் கேட்கிற மாதிரியே கேட்கிறீர்கள்.

#12 வெள்ளைக்கோட்டு

நான் மருத்துவம். ராக்கெட் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் செவ்வாய்ப் பயணம் என்று எல்லாரும் சாதாரணமாகச் சொல்லும்போது உடம்பைப் பற்றி யாரும் பேசாதது விந்தையாக இருக்கிறது.

கியூரியாசிட்டி ரோவர் செவ்வாய்க்குப் போகும் வழியிலேயே உள்ளிருந்த கருவி கதிர்வீச்சை அளந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட். போகவர இன்றைய ராக்கெட்டில் ஒரு வருடம் என்று வைத்தால் வழியில் மட்டும் 660 மில்லிசீவர்ட் அளவுக்கு வரும், அங்கே தங்கும் நாள்களைச் சேர்க்காமல். நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பு 600. பூமியில் இயற்கையாக நமக்குக் கிடைப்பது வருடத்துக்குச் சராசரியாக 2.4. அதாவது அவர்களுடைய சொந்த வரம்பைத் தாண்டாமல் அந்தப் பயணத்துக்கு யாரையும் அனுப்ப முடியாது.

எடையின்மையில் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி இழக்கிறது. தினம் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்து அதை ஓரளவு பிடித்து நிறுத்துகிறார்கள். கண்ணின் பின்பக்கம் தட்டையாகிப் பார்வை மாறுகிறது, அதற்கு இன்னும் சரியான வைத்தியம் இல்லை.

எனக்கு மிகவும் ஆச்சரியமான விஷயம் இது. ஈர்ப்பு 1 என்றால் உடம்பு எப்படி இருக்கும் என்று தெரியும், 0 என்றால் என்ன ஆகும் என்று ஓரளவு தெரியும். நடுவில் செவ்வாயின் 0.38 ம் நிலவின் ஆறில் ஒரு பங்கும் இருக்கின்றனவே, அதில் ஒரு மனிதர் அதிகபட்சம் இருந்தது அப்போலோ 17 ன் மூன்று நாள். அவ்வளவுதான் நம் அனுபவம்! அங்கே குடியிருப்பு கட்டுவோம் என்கிறார்கள், குழந்தை வளருமா என்பது பிறகு, எலும்பு நிற்குமா என்றே யாருக்கும் தெரியாது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்காக ஜப்பான் ஒரு சுழல் அறை (சுழற்றிச் செயற்கையாக ஈர்ப்பை உண்டாக்குவது) செய்தது, விலங்குகளை வைத்து இதையெல்லாம் சோதிக்க. 2005ல் அதை ரத்து செய்தார்கள். இப்போது ஜப்பானின் சுகுபா விண்வெளி மையத்தில் காட்சிப்பொருளாக இருக்கிறது. 53 வருடம் பூமியைச் சுற்றியதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் சுற்றும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியையே கேட்காமல் சுற்றியிருக்கிறார்கள்.

#13 தூரநோக்கி

இந்தச் சுழல் அறை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி டாக்டர்.

ஒன்று கேட்கிறேன். அமெரிக்காவில் ஒவ்வொரு அதிபரும் ஒரு திட்டம் அறிவிக்கிறார்களே, எதுவும் ஏன் நிறைவேறவில்லை?

#14 கணக்குப்பிள்ளை

1989ல் அப்பா புஷ், அப்போலோ 11 ன் இருபதாவது ஆண்டு நாளில், நிலவு, பிறகு செவ்வாய் என்றார். மூன்று மாதத்தில் அறிக்கை வந்தது, 50,000 கோடி டாலர் அளவில் மதிப்பீடு, நாடாளுமன்றம் பார்த்துவிட்டு மூடியது. 2004ல் மகன் புஷ், 2020க்குள் நிலவு. 2010ல் ஒபாமா அதை ரத்து செய்தார், சிறுகோள் என்றார். 2017ல் டிரம்ப், மறுபடி நிலவு (இன்றைய ஆர்ட்டெமிஸ் திட்டம்). நாலு வருடத்துக்கு ஒரு தேர்தல், ஒரு ராக்கெட் செய்யப் பத்து வருடம். இதில் எது முடியும்?

ஆனால் கவனியுங்கள், இலக்கு மாறிக்கொண்டே இருந்தது, ஒப்பந்தக்காரர்கள் மாறவில்லை. 2010ல் நாடாளுமன்றம் போட்ட சட்டம், புது ராக்கெட்டைக் கூடுமான வரை ஷட்டிலின் பழைய ஒப்பந்தங்களையும் ஆட்களையும் வைத்தே செய்யச் சொன்னது. அதுதான் எஸ்எல்எஸ். அதன் அடியில் இருக்கும் ஆர்எஸ்-25 என்ஜின்கள் ஷட்டிலில் பறந்து திரும்பி வந்தவை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தவென்றே செய்தவை. 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ் 1 பறந்தபோது நாலையும் கடலில் போட்டார்கள். முதல் நாலு பயணங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தணிக்கை அதிகாரியே சொன்னார், இது கட்டுப்படியாகாது என்றும் சொன்னார். 2025ல் வெள்ளை மாளிகை மூன்றாவது ஆர்ட்டெமிஸோடு எஸ்எல்எஸ்ஸை நிறுத்தலாம் என்று பட்ஜெட்டில் எழுதியது. ஜூலையில் நாடாளுமன்றம் நாலாவது ஐந்தாவது பயணத்துக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கிவிட்டது. ஐம்பது மாநிலத்திலும் இந்தத் திட்டத்துக்குப் பாகம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், எந்த உறுப்பினர் எதிர்த்து வாக்களிப்பார்?

அதனால்தான் சொல்கிறேன், அந்தத் தொழிற்சாலைகளுக்கு நிலவு போய்ச் சேர வேண்டிய இடமே இல்லை. திட்டம் நடந்துகொண்டே இருப்பதுதான் தேவை, அது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

#15 சந்தேகப்பேர்வழி

அப்போ சீனா? அவர்கள் 2030க்குள் இறக்குவோம் என்கிறார்கள். பழைய மாதிரி ஒரு போட்டி வந்தால் எல்லாம் தானாக ஓடும்.

#16 பழைய_என்ஜினியர்

சீனாவைப் பார்த்து எனக்குப் பிடித்தது வேகம் இல்லை, சலிப்பூட்டும் நிதானம். 1992ல் திட்டம் போட்டார்கள், 2003ல் அவர்களின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், 2011ல் ஒரு சின்ன ஆய்வுக்கூடம், 2022ல் முழு நிலையம். அறிவித்ததை ஏறக்குறைய அறிவித்த வரிசையிலேயே செய்திருக்கிறார்கள். 2025 நவம்பரில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். நிலையத்தில் நின்ற ஷென்சோ 20 விண்கலத்தின் ஜன்னலில் விரிசல், விண்குப்பை பட்டிருக்கலாம் என்று சந்தேகம். அதில் போயிருந்த மூவரையும் அடுத்து வந்த ஷென்சோ 21 ல் ஏற்றி நவம்பர் 14ல் இறக்கினார்கள், மேலே இருப்பவர்களுக்கு வண்டி இல்லாமல் போனதால் ஆளில்லாத ஷென்சோ 22 ஐ நவம்பர் 25ல் அனுப்பிவிட்டார்கள். பதினோரு நாள். எப்போதும் ஒரு வண்டி தயாராக நிற்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

அதே வாரம் ரஷ்யாவைப் பாருங்கள். நவம்பர் 27ல் பைகோனூர் ஏவுதளத்திலிருந்து சோயூஸ் விண்கலம் மூன்று பேரோடு நல்லபடியாகப் போனது, ஆனால் ஏவுதளத்தின் சேவை மேடை கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. மனிதரை அனுப்ப அவர்களிடம் அப்போது இருந்தது அந்த ஒரு தளம்தான். ககாரின் கிளம்பிய தளம் 2019க்குப் பிறகு பயன்பாட்டில் இல்லை. முதலில் போன நாடு, அன்றைக்கு அனுப்ப இடம் இல்லாமல் நின்றது.

போட்டி பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை. போட்டி வந்தால் போவார்கள், கொடி நடுவார்கள், ஜெயித்தவர் நிறுத்திவிடுவார். அதைத்தான் ஒரு தடவை பார்த்துவிட்டோமே.

#17 ஸ்காபரோ_சிவா

நான் டொரன்டோ பக்கம் இருக்கிறன். ஒரு விஷயம் சொல்ல வேணும். ஆர்ட்டெமிஸ் 2 இல நிலவைச் சுற்றத் தெரிவான நாலு பேரில ஜெரமி ஹான்சன் கனடாக்காரர். ராக்கெட்டே இல்லாத நாட்டுக்கு எப்படி இடம் கிடைச்சது? இயந்திரக் கை செய்து குடுத்துத்தான். ஷட்டிலுக்குக் கனடார்ம், நிலையத்துக்குக் கனடார்ம் 2, நிலவைச் சுற்ற வைக்கத் திட்டமிட்ட கேட்வே நிலையத்துக்கு மூன்றாவது. ஒரு சாமானை மற்ற ஒருத்தரும் செய்யாத அளவுக்குச் செய்தால் இருக்கை தானாக வரும். எல்லாத்தையும் தாங்களே செய்ய வேணும் எண்டு நிக்கிற நாடுகள் இதை யோசிக்கலாம்.

#18 கணக்குப்பிள்ளை

நல்ல கருத்து. ஆனால் அந்த கேட்வேயையே நிறுத்தச் சொல்லி 2025ல் வந்த பட்ஜெட்டில் எழுதினார்கள், அதையும் நாடாளுமன்றம்தான் காப்பாற்றியது. மூன்றாவது கை எங்கே போய் மாட்டப்போகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

#19 பணகுடிக்காரன்

இவ்வளவு பேசிவிட்டு மனிதரை அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டம் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை! எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் மகேந்திரகிரி. ராக்கெட் என்ஜின்களை அங்கே கட்டிவைத்து எரிய விடுவார்கள். சரக்கு ராக்கெட்டை மனிதர் ஏறும் ராக்கெட்டாக மாற்றுவது என்றால் என்ன என்று கேட்டால் நான் ஒரு எண் சொல்வேன். நம் எல்விஎம் 3 ராக்கெட்டின் மேல் அடுக்கில் உள்ள சிஇ-20 கிரையோஜெனிக் (கடுங்குளிர்த் திரவ எரிபொருள்) என்ஜினுக்கு மனிதத் தகுதி கொடுக்க நாலு என்ஜின்களை வைத்து 39 தடவை எரித்தார்கள், மொத்தம் 8,810 விநாடி. குறைந்தபட்சம் தேவை 6,350 தான். 2024 பிப்ரவரியில் முடிந்தது. ஏற்கெனவே சந்திரயானைக் கொண்டுபோன என்ஜினுக்கே இவ்வளவு.

2018 சுதந்திர தினத்தில் 2022க்குள் என்று அறிவித்தார்கள். இப்போது 2027 என்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் தாமதம்தான். உள்ளே என்ன நடந்தது என்றால் தப்பிக்கும் அமைப்பு, பாராசூட், உயிர்காப்பு எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்ய வேண்டியிருந்தது, சிலவற்றை வெளியில் வாங்கலாம் என்று நினைத்தது நடக்கவில்லை. 2023 அக்டோபரில் தப்பிக்கும் அமைப்பைப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள், அன்றைக்கு முதல் முயற்சி கிளம்ப ஐந்து விநாடி இருக்கும்போது நின்றது, காரணம் கண்டுபிடித்து அன்று காலையே மறுபடி ஏவினார்கள். அந்த நிறுத்தம்தான் எனக்கு ஏவியதை விடப் பிடித்தது.

ககன்யானுக்குத் தேர்வான நாலு வீரர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் கிளம்பி சர்வதேச நிலையத்துக்குப் போய்வந்தார், அமெரிக்க டிராகன் விண்கலத்தில்.

#20 ரோவர்_ரசிகை

அது சரி, 1961ல் ரஷ்யா செய்ததை 2027ல் செய்ய 20,000 கோடி ரூபாய் ஏன் என்று கேட்டால் கோபப்படாதீர்கள்.

#21 பணகுடிக்காரன்

கோபம் இல்லை அக்கா. அந்தத் தொகையில் இந்திய நிலையத்தின் முதல் பகுதியும் சேர்த்தி. மற்றபடி, இதில் வாங்குவது ஒரு பயணத்தை இல்லை, செய்யத் தெரிந்த ஆட்களை. மேலே பழைய என்ஜினியர் சொன்ன வெல்டிங்காரர் கதைதான்.

#22 பழைய_என்ஜினியர்

மறுபடி தொடங்க என்ன வேண்டும் என்று தூரநோக்கி கேட்டதற்கு யாரும் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் எண்ணத்தைச் சொல்கிறேன்.

விலை ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஷட்டிலில் ஒரு கிலோ மேலே போக 50,000 டாலருக்கு மேல் ஆனது, ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் 9 ராக்கெட்டில் சுமார் 3,000. இது எப்படி வந்தது என்பதுதான் பாடம். நாசா ராக்கெட் வாங்காமல் பயணம் வாங்கியது. 2014ல் வீரர்களைக் கொண்டுபோகப் போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி, விலை நிலையானது, அதிகமானால் உங்கள் பாடு. போயிங்கின் ஸ்டார்லைனரில் எட்டு நாளுக்கென்று போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 286 நாள் கழித்து அடுத்தவர் வண்டியில் திரும்பினார்கள். ஆனாலும் திட்டம் நிற்கவில்லை, ஏனென்றால் இரண்டு பேரிடம் வாங்கியிருந்தார்கள். 2011லிருந்து 2020 வரை சோயூஸ் இருக்கைக்கு ரஷ்யாவிடம் கைநீட்டி நின்றதற்கு இது எவ்வளவோ மேல்.

இனி மிச்சம் இருப்பது மூன்று வேலை, மூன்றும் கவர்ச்சி இல்லாதவை. சுற்றுப்பாதையில் ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு டன் கணக்கில் குளிர் எரிபொருள் மாற்றுவது. ஸ்பேஸ்எக்ஸின் புதுப் பெரிய வண்டி ஸ்டார்ஷிப் நிலவில் இறங்க வேண்டுமானால் பத்துக்கும் மேற்பட்ட டேங்கர்கள் போய் நிரப்ப வேண்டும் என்கிறார்கள். 2025 முடிய 11 தடவை பறந்தது, அடிப்பகுதியைக் கோபுரக் கைகளால் பிடித்துக் காட்டினார்கள், பிரமாதம், ஆனால் அதற்குள் விண்கலத்துக்கு விண்கலம் எரிபொருள் மாற்றம் ஒன்றுகூட நடக்கவில்லை. திரவ ஆக்சிஜனும் மீத்தேனும் வெயிலில் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், கடைசி டேங்கர் வருவதற்குள் முதல் டேங்கர் கொடுத்ததில் ஒரு பங்கு போயிருக்கும். இரண்டாவது, பழுதானால் மாற்றுப்பொருள் வராத இடத்தில் இரண்டு மூன்று வருடம் ஓடும் உயிர்காப்புக் கருவி. நிலையத்தில் 2023ல் 98 சதவீதத் தண்ணீரை மீட்டுக் காட்டினார்கள், சிறுநீர் வியர்வை எல்லாம் சேர்த்து. ஆனால் அதன் உதிரிபாகங்கள் சரக்கு வண்டியில் போய்க்கொண்டே இருக்கின்றன. மூன்றாவது டாக்டர் சொன்ன சுழல் அறை.

இந்த மூன்றுக்கும் நிலையம் வேண்டும். இப்போதைய நிலையத்தை 2030 வாக்கில் கடலில் இறக்கப்போகிறார்கள், இறக்கும் வண்டிக்கு ஒப்பந்தமும் ஆகிவிட்டது. அடுத்து தனியார் நிலையங்கள் வரும் என்கிறார்கள். வந்தால் நல்லது.

#23 சந்தேகப்பேர்வழி

வியாபாரத்துக்காகப் போகலாமே? நிலவு மண்ணில் இருக்கும் ஹீலியம் 3 என்ற அணு எரிபொருள், சுரங்கம், சுற்றுலா?

#24 கணக்குப்பிள்ளை

ஹீலியம் 3 ஐ எரித்து மின்சாரம் தருகிற அணு உலை பூமியில் ஒன்றுகூட இல்லை, முதலில் அதைக் கட்டட்டும். சுற்றுலா 2001ல் அமெரிக்கப் பணக்காரர் டென்னிஸ் டிட்டோவோடு ஆரம்பித்தது, 2 கோடி டாலர். இன்றைக்கு விலை அதைவிட அதிகம். இருபத்து நாலு வருடத்தில் விலை ஏறிய சுற்றுலாவை நம்பி நான் கடை போட மாட்டேன். நிலவில் வியாபாரக் காரணம் இன்றைக்கு எதுவும் இல்லை, இதை ஒப்புக்கொண்டு பேசினால் நல்லது. அண்டார்டிகாவில் மட்டும் என்ன வியாபாரம் இருக்கிறது, ஆனாலும் வருடா வருடம் ஆட்கள் போய்த் தங்கி வேலை பார்க்கிறார்கள், ஏனென்றால் போகவரும் செலவை அரசுகள் முணுமுணுக்காமல் தாங்கும் அளவுக்கு இறங்கிவிட்டது. நிலவுக்கும் அந்த நிலை வந்தால் போதும், கென்னடி தேவையில்லை.

#25 ரோவர்_ரசிகை

அதுவரைக்கும் பெர்சிவரன்ஸ் ரோவர் செவ்வாயில் பாறையையும் மண்ணையும் குழாய்களில் அடைத்து, பத்துக் குழாயைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறதே, அதை எடுத்துவர வண்டி இல்லை. மதிப்பீடு 1,100 கோடி டாலர் என்றதும் கைகழுவப் பார்த்தார்கள்.

#26 கணக்குப்பிள்ளை

எஸ்எல்எஸ் மூன்று தடவை பறந்தால் 1,230 கோடி. அதை யாரும் கைகழுவவில்லை.

#27 பழைய_என்ஜினியர்

ரசிகை அம்மா, இந்த ஒன்றில் நான் உங்கள் கட்சி. குழாய்களை முதலில் எடுத்து வரட்டும். செவ்வாயிலிருந்து ஒரு கிலோவைக்கூடத் திருப்பிக் கொண்டுவரத் தெரியாதவர்கள் அங்கே ஆளை அனுப்பிக் கூட்டி வருவார்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

தூரநோக்கி, ஆர்ட்டெமிஸ் பயணங்கள் பறக்கும்போது எல்லாச் சேனலிலும் அதுதான் ஓடும், நானும் பார்ப்பேன். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டுமானால் எரிபொருள் மாற்றும் சோதனை எப்போது என்று பார்த்து வையுங்கள். நேரலை பார்க்கச் சுவாரசியமாக இருக்காது, இரண்டு தொட்டிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், அழுத்தமானியின் முள் நகரும். தேதி தெரிந்ததும் இதே இழையில் போடுகிறேன்.